வாசிக்கத் தெளிவாய் ஒரு ஜெபக் குறிப்பேடு



2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. நம் சபைக் குடும்பங்களில் அநேகருடைய பழைய மடிக்கணினிகள் அதற்கு அடுத்த விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதி பெற்றவையல்ல. வசதியுள்ளவர்கள் புதியதை வாங்கினார்கள். வாடகையும் பள்ளிக் கட்டணமும் கொடுத்து மீதியில் ஜீவிக்கிறவர்களுக்கு, சபையின் வாலிபப் பிள்ளைகள் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற கட்டணமில்லா இயங்குதளங்களை நிறுவிக்கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அதன்பின் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போதெல்லாம் என்னிடம் இரண்டு கேள்விகள் வருகின்றன. "ஜெபக் குறிப்புகளையும் வேதபாடக் குறிப்புகளையும் தமிழில் எழுதிவைக்க இதில் என்ன இருக்கிறது, பாஸ்டர்?" என்பது ஒன்று. "எழுதினால் எழுத்து ஏன் இத்தனை பொடியாகத் தெரிகிறது?" என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு விடை எளிது. லினக்ஸில் குறிப்பெழுதும் செயலிகள் பல உண்டு. வீட்டு உபயோகத்திற்கு நான் சொல்லுவது 'ஜிம்' என்னும் செயலி. (பெயரைக் கேட்டவுடன் ஒரு சகோதரர் உடற்பயிற்சிக் கூடத்தைப்பற்றிப் பேசுகிறேன் என்று எண்ணிவிட்டார். ஆங்கிலத்தில் இதன் முதலெழுத்து இசட்.) யாப் கார்ஸன்பர்க் என்பவர் 2005ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கிய இச்செயலி, லினக்ஸின் மென்பொருள் மேலாளரிலேயே கிடைக்கும். ஒரு குறிப்பேடு என்பது இதில் ஒரு கோப்புறை. ஒவ்வொரு பக்கமும் அதற்குள் ஒரு சாதாரண உரைக் கோப்பு. அவ்வளவுதான். பழைய கணினியையும் இது திணறவைக்காது.

இரண்டாவது கேள்வியைக் குறித்தே இம்மாதம் எழுத விரும்புகிறேன். எழுத்தின் தோற்றம் ஒரு சிறிய காரியமாகத் தோன்றும். ஆனால் ஒரு வீட்டில் தமிழில் ஜெபம் தொடருமா, தொடராதா என்பதே சிலவேளை அதைப் பொறுத்திருக்கிறது.

இதைச் சற்று விளக்க வேண்டும். நம்மில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் 'பாமினி' போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் தட்டச்சு செய்த நாட்களை அறிவார்கள். அந்நாட்களில் கோப்புக்குள் இருந்தது உண்மையில் தமிழ் அன்று. ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அவற்றின்மேல் தமிழின் உருவத்தை எழுத்துரு போர்த்தியிருந்தது. எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் அதே கோப்பைத் திறந்தால், பொருளற்ற குறிகளின் கூட்டமே தெரியும். தோற்றமும் பொருளும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒன்று போனால் மற்றதும் போயிற்று. யூனிகோடு முறையில் 'அ' என்பது கோப்பிலேயே 'அ'வாக இருக்கிறது. தமிழ்நாடு அரசும் 2010ஆம் ஆண்டில் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. எனவே இன்று எழுத்துருவை மாற்றினாலும், நிறத்தை மாற்றினாலும், எழுதினவருடைய ஒரு புள்ளிகூட மாறுவதில்லை.

ஜிம் செயலி இந்தப் பிரிவினையை இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோகிறது. நீங்கள் எழுதுகிற வார்த்தைகள் குறிப்பேட்டுக் கோப்புறையில் இருக்கும். தலைப்பு எவ்வளவு பெரிது, வரிகளுக்கிடையே எவ்வளவு இடம், அடையாளமிட்ட சொல்லுக்குப் பின்னணி என்ன நிறம் என்பவையெல்லாம் வேறோரிடத்தில், 'ஸ்டைல்.கான்ஃப்' என்னும் சிறு கோப்பில் இருக்கும். முன்னது குடும்பத்தின் சொத்து. பின்னது வாசிக்கிறவருடைய கண்ணுக்கு ஏற்ற கண்ணாடி.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். பெரும்பாலோருக்கு முதல் மாற்றம் ஒன்றே போதும். செயலியின் மேற்பட்டியில் 'எடிட்' என்பதன் கீழ் 'பிரிஃபரன்ஸஸ்' உண்டு. அதில் 'இன்டர்ஃபேஸ்' பகுதியில் நாமே எழுத்துருவைத் தெரிந்துகொள்ளும் வசதி இருக்கிறது. அங்கே 'நோட்டோ சான்ஸ் தமிழ்' அல்லது 'லோஹித் தமிழ்' என்பதைத் தெரிந்து, அளவை 14 அல்லது 16 என வையுங்கள். அவை பட்டியலில் இல்லையென்றால் மென்பொருள் மேலாளரில் தேடி நிறுவிக்கொள்ளலாம், கட்டணமில்லை. இதை ஏன் நாமே குறிப்பிட வேண்டும்? லினக்ஸ் கணினிகளில் வழக்கமாக வரும் 'டேஜாவு' போன்ற எழுத்துருக்களில் தமிழே கிடையாது. தமிழ் எழுத்து வரும்போது கணினி வேறொரு எழுத்துருவைத் தானே தேடி இட்டு நிரப்புகிறது. அது நமக்குப் பொருந்தியதாக இருக்குமென்று சொல்ல முடியாது.

தமிழ் எழுத்துக்கு இடம் அதிகம் வேண்டும் என்பதையும் கவனியுங்கள். 'கீ'யின் சுழி மேலே எழும்புகிறது. 'மு'வின் வளைவு கீழே இறங்குகிறது. 'ணை', 'ளை' என்பவை பக்கவாட்டில் விரிகின்றன. எல்லாவற்றிலும் முக்கியமானது மெய்யெழுத்தின் புள்ளி. ஆங்கிலத்திற்குப் போதுமான 10 அல்லது 11 அளவில், வயது சென்றவர்களுடைய கண்ணுக்குப் புள்ளி மறைந்துபோகிறது. 'கல்' என்பது 'கல' என்றாகிவிட்டால் வாசிக்கிறவர் நின்றுவிடுகிறார். இரண்டுமுறை நின்றால் மூன்றாம்முறை வாசிப்பதையே விட்டுவிடுகிறார்.

இதற்குமேல் மாற்ற விரும்புகிறவர்கள் அந்த ஸ்டைல்.கான்ஃப் கோப்பைத் திறக்கவேண்டும். மூலப் படி கணினியின் பொதுக் கோப்புறையில், 'யூஎஸ்ஆர்', அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'ஜிம்' என்ற இடத்தில் இருக்கும். அதைத் தொடாதேயுங்கள். அதன் நகலை உங்கள் முகப்புக் கோப்புறைக்குள் '.கான்ஃபிக்' என்பதிலுள்ள 'ஜிம்' கோப்புறையில் வைத்து, அந்த நகலையே திருத்துங்கள். புள்ளியில் தொடங்கும் கோப்புறைகள் மறைந்திருக்கும். கண்ட்ரோல் விசையோடு ஹெச் விசையை அழுத்தினால் தெரியும். இந்தப் பெயர்கள் எல்லாம் கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். திருத்தியபின் செயலியை மூடித் திறந்தால் மாற்றம் தெரியும். பிடிக்கவில்லையென்றால் நகலை அழித்துவிடுங்கள். பழைய தோற்றம் திரும்பிவரும், எழுதியது எதுவும் போகாது.

அக்கோப்பில் 'டெக்ஸ்ட்வியூ' என்ற தலைப்பின்கீழ் 'லைன்ஸ்பேசிங்' என்றொரு வரி உண்டு. அதன் இயல்பான மதிப்பு 3. ஒரு வரிக்கு ஒரு பெயராக ஜெபப் பட்டியல் எழுதுகிறவர்கள் அதை 8 அல்லது 10 ஆக்கிப் பாருங்கள். பெயர்கள் ஒன்றையொன்று நெருக்காமல் மூச்சுவிடும். 'டேக் ஹெச்1' என்பது முதன்மைத் தலைப்பு. அதன்கீழ் 'ஸ்கேல்' என்பது சாதாரண எழுத்தைப்போல எத்தனை மடங்கு என்பதைக் குறிக்கும். 'டேக் லிங்க்' என்பது ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்திற்குப் போகும் இணைப்பு. அது நீல நிறத்தில் வரும். இரவில் கருமையான திரைத் தோற்றத்தை வைத்துக்கொள்ளுகிறவர்களுக்கு அந்த நீலம் கண்ணிலேயே படாது. வெளிர் நீலமாக மாற்றிவிடுங்கள்.

கருமையான தோற்றத்தை நான் ஆடம்பரமாக எண்ணுவதில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஐந்துபேர் உறங்கும் வீடுகளை நான் நன்றாய் அறிவேன். இரவுப் பணி முடித்து விடியற்காலை இரண்டு மணிக்கு வந்து, உறங்குமுன் ஒரு அதிகாரம் வாசித்து நாலு வரி எழுதிவைக்கிற தங்கைக்கு, வெண்மையான திரை அறை முழுவதும் விளக்கேற்றினதுபோலாகும். பிள்ளை விழித்து அழும். மாமியார் புரண்டு படுப்பார். அப்படிப்பட்ட வீட்டில் கருமையான திரை என்பது அன்பின் கிரியைகளில் ஒன்று என்றே சொல்லுவேன்.

இனி ஒரு குடும்பத்தைப்பற்றிச் சொல்லுகிறேன். பெயர் வேண்டாம். மும்பை தாராவியில் வசிக்கும் ஒரு மூப்பர். பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. 1982ஆம் ஆண்டில் மும்பையின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினபோது, வேலையிழந்த அண்டைவீட்டாருக்காக ஜெபிக்கும்படி ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் பெயர்களை எழுதத் தொடங்கினார். அது ஏழு நோட்டுகளாய் வளர்ந்தது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அவர் எழுந்து பெயர்களை ஒவ்வொன்றாய் வாசிப்பார்; சபை "ஆமென்" சொல்லும். மழைக்காலத்தின் ஈரத்தில் மை பரவிற்று. சர்க்கரை வியாதியினால் அவருடைய கண்ணும் மங்கிற்று. இரண்டு வருடங்களாய் அவர் வாசிக்கவில்லை. கல்யாணுக்குக் குடிபெயர்ந்துபோன ஒரு விதவைத் தாயார், ஒருநாள் தொலைபேசியில், "என் பேரு இன்னும் நோட்டுல இருக்காய்யா?" என்று கேட்டபோது அவரால் பதில் சொல்லக்கூடவில்லை.

அவருடைய பேரன் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். தமிழ் பேசுவான், வாசிப்பது எழுத்துக்கூட்டித்தான். கோடை விடுமுறையில் தாத்தா நோட்டைப் பூதக்கண்ணாடியால் பார்த்துச் சொல்ல, பேரன் ஒலிமுறைத் தட்டச்சில் ஜிம் குறிப்பேட்டில் ஏற்றினான். 'ண'வுக்கும் 'ன'வுக்கும் இடையே நடந்த யுத்தத்தை அவர்கள் வீட்டாரிடம்தான் கேட்கவேண்டும். பெயர்களை ஏற்றியபின், பிள்ளை தன் அறிவுக்கெட்டியமட்டும் அலங்கரித்தான். திரைத் தோற்றத்தை மாற்றும் வேறொரு கோப்பைக்கொண்டு பக்கத்தின் பின்னால் உதயசூரியனும் சிலுவையுமான ஒரு படத்தை வைத்தான், தலைப்புகளைப் பொன்னிறமாக்கினான், வளைவான அலங்கார எழுத்துருவொன்றையும் தெரிந்துகொண்டான். தாத்தாவின் முன் மடிக்கணினியைத் திறந்து வைத்தான். அவர் வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தாம்யா இருக்கு. பேருதான் தெரியமாட்டேங்கு" என்றார்.

அந்தப் பையனைப் பாராட்டவேண்டும். முகம் வாடினாலும் அன்றிரவே எல்லாவற்றையும் நீக்கினான். வெண்மையான பின்னணி, கருமையான எழுத்து, அளவு 24, வரிகளுக்கிடையே தாராளமான இடம், பக்கத்திற்கு இருபது பெயருக்கு மேலில்லை.

இன்னுமொரு திருத்தத்தைத் தாத்தாவே கேட்டார். பதில் கிடைத்த விண்ணப்பங்களைப் பேரன் குறுக்குக்கோடிட்டு வைத்திருந்தான். ஜிம் செயலியில் குறுக்குக்கோடிட்ட வரி சாம்பல் நிறமாகவும் மாறும். வேலை கிடைத்தவர், சுகமடைந்தவர், பிள்ளைப்பாக்கியம் பெற்றவர் எல்லாரும் மங்கிப்போய்க் கோட்டின்கீழ் கிடந்தார்கள். "கேட்டுக் கிடைச்சத ஏம்யா அடிக்கணும்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதானே! மளிகைப் பட்டியலில் வாங்கினதை அடிப்பதுபோல ஸ்தோத்திரத்துக்குரியதை அடிக்கலாமோ? எனவே குறுக்குக்கோட்டை எடுத்துவிட்டு, கண்ட்ரோல் விசையோடு யூ விசையை அழுத்தி அவற்றுக்கு 'அடையாளம்' இட்டார்கள். அடையாளமிட்ட சொல்லுக்கு இயல்பாக மஞ்சள் பின்னணி வரும். ஸ்டைல்.கான்ஃப் கோப்பில் 'டேக் மார்க்' என்பதன்கீழ் அதை வெளிர்பச்சையாக மாற்றினான் பேரன். இப்பொழுது பக்கத்தைத் திறந்தவுடன், பதில் பெற்ற பெயர்கள் மழைக்குப்பின் தளிர்த்த வயல்போலத் தெரிகின்றன. இன்னொரு கணினியில் திறந்தால் அவை மஞ்சளாகவே தெரியும், அதனால் நஷ்டமில்லை. அடையாளம் உரையிலேயே இருக்கிறது, நிறம்தான் அந்தந்தக் கணினியைச் சார்ந்தது.

வேதத்தில் எழுத்தின் தோற்றத்தைப்பற்றிய குறிப்புகள் சில உண்டு. அவற்றை நாம் வேகமாய்க் கடந்துபோகிறோம். உபாகமம் 27ஆம் அதிகாரத்தில், யோர்தானைக் கடந்தபின் பெரிய கல்லுகளை நாட்டி, அவற்றுக்குச் சாந்து பூசி, அதன்மேல் நியாயப்பிரமாண வார்த்தைகளைத் தெளிவாய் எழுதும்படி கட்டளை இருக்கிறது. வெறுங்கல்லில் எழுதாமல் முதலில் பூச்சு பூசச் சொன்னது ஏன்? கரடான பரப்பில் எழுத்து எடுபடாது. வெளுத்த பரப்பில் வழிப்போக்கனும் வாசிப்பான். பின்னணி நிறத்தைப்பற்றிய கட்டளை என்றே இதைச் சொல்லலாம். ஆபகூக் 2ஆம் அதிகாரத்திலும், தரிசனத்தைப் பலகைகளில் எழுதும்போது வாசிக்கிறவன் விரைந்து வாசிக்கும் தெளிவு வேண்டும் என்பதே கருத்து. கலாத்தியர் 6:11ஐ நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் வாசித்தால் அவ்வளவு தெளிவாகத் தோன்றாது. கிரேக்க மூலத்தில் பவுல் 'பெரிய எழுத்துகளால்' தன் கைப்பட எழுதினதாகப் பொருள்படுகிறது. அவருடைய கண் மங்கியிருந்ததே காரணம் என்று சிலரும், வலியுறுத்தும்படி அப்படி எழுதினார் என்று வேறு சிலரும் விளக்குகிறார்கள். எதுவானாலும், அப்போஸ்தலருக்கு எழுத்தின் அளவு கருத்தில்லாத காரியமாயிருக்கவில்லை.

ஒரு கணினியைப் பலர் பங்கிடும் வீடுகளுக்கு இன்னொரு யோசனை. லினக்ஸில் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு வைக்கலாம். ஸ்டைல்.கான்ஃப் கோப்பு அந்தந்தக் கணக்கின் முகப்புக் கோப்புறையில் இருப்பதால், ஒரே குறிப்பேட்டைத் தாத்தா 24 அளவில் வெண்திரையிலும், மருமகள் 14 அளவில் கருந்திரையிலும் வாசிக்கலாம். பொதுவான கோப்புறைக்கு எல்லாருக்கும் எழுதும் அனுமதி கொடுக்கவேண்டியிருக்கும். அதற்கு மட்டும் விவரமறிந்த ஒரு வாலிபனைக் கூப்பிட்டு ஒரு காப்பி கொடுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் பொதுக் கோப்புறையில் வைக்காதிருங்கள். ஜெபக் குறிப்பு என்பது பிறருடைய இருதயத்தின் இரகசியங்களையும் உடையது. கணவன் குடிக்கிறான், மகளுக்குச் சம்பந்தம் தட்டிப்போயிற்று, கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்று ஒரு சகோதரி நம்மை நம்பிச் சொன்னதை, ஜிம் பூட்டுப்போட்டு மறைப்பதில்லை. கோப்பு வெறும் உரைக் கோப்பாக இருப்பதன் நன்மையே இங்கே அபாயமாகிறது: யார் திறந்தாலும் வாசிக்கலாம். அப்படிப்பட்டவற்றைக் கடவுச்சொல் உள்ள உங்கள் சொந்தக் கணக்கில், மற்றக் கணக்குகளுக்கு அனுமதியில்லாத கோப்புறையில் தனிக் குறிப்பேடாக வையுங்கள். அல்லது பெயரின் முதலெழுத்தை மட்டும் எழுதுங்கள்; கர்த்தருக்குத் தெரியும்.

அலங்காரத்தில் பொழுதைப் போக்கும் சோதனையையும் சொல்லாமல் விடமுடியாது. லினக்ஸ் பழகின வாலிபர்களுக்கு இது நன்றாய்த் தெரியும். இன்று ஒரு நிறம், நாளை ஒரு எழுத்துரு, மறுநாள் தலைப்பின் அளவில் ஒரு தசமம். மூன்று வாரமாகியும் குறிப்பேட்டில் ஒரு பக்கம்கூட எழுதப்பட்டிராது. ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். வாசிக்கப்போகிறவரை அருகில் உட்காரவையுங்கள். அவர் தங்குதடையின்றி ஒரு பக்கத்தை வாசித்து முடித்தால் அன்றோடு அந்த வேலை தீர்ந்தது.

அப்படித் தீர்ந்தவுடன் பென் டிரைவில் இரண்டையும் நகலெடுங்கள். குறிப்பேட்டுக் கோப்புறையை எடுக்க எல்லாரும் நினைவுகூருகிறார்கள், ஸ்டைல்.கான்ஃப் கோப்பை மறந்துவிடுகிறார்கள், அது மறைந்த கோப்புறையில் இருப்பதால். கணினியில் இயங்குதளத்தை மறுபடி நிறுவவேண்டி வந்தால், அந்த ஒரு கோப்பைப் பழைய இடத்தில் வைத்தால் போதும். பாட்டியின் கண்ணுக்கு ஏற்ற பக்கம் அப்படியே திரும்பிவரும். 'பிரிஃபரன்ஸஸ்' வழியாய்த் தெரிந்துகொண்ட எழுத்துருவின் பெயரையும் அளவையும் பென் டிரைவின் உறைமேல் பேனாவால் எழுதிவையுங்கள்.

தமிழ் ஒலிமுறைத் தட்டச்சை லினக்ஸில் அமைப்பது எப்படி என்று புனே சபையின் சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். அதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.